லாங்கன்பெர்க் வீட்டு வாசலில் வெர்னா

என் தங்கை வெர்னா நாற்பது வருடம் எங்கள் ஊர் சூலார்டு சந்தையில் தக்காளியும் முட்டைக்கோசும் விற்றாள். கடைசிவரை திக்கித்தான் பேசினாள். வாங்க வந்தவர்கள் அவள் விலை சொல்லி முடிக்கும்வரை நின்றார்கள்.

அவளுடைய ஒன்பதாம் வயதில், 1951 அக்டோபர் 31, புதன்கிழமை மாலையில் நடந்தது இது.

ஹாலோவீன் பண்டிகையன்று மாலை பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவார்கள். எங்கள் செயின்ட் லூயிஸ் நகரில் வேடம் மட்டும் போதாது. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும். வெர்னாவுக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுவேன். லாங்கன்பெர்க் வீட்டில் மட்டும் அது செல்லாது. அவரவர் ஜோக்கை அவரவர்தான் சொல்ல வேண்டும். அதனால் வெர்னா அந்த வீட்டுப் படியேறியதே இல்லை.

ஹார்ட்விக் தெருவின் பெரிய கல்வீடுகளில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். வடக்கு வரிசையைப் பள்ளிக்கூடத்துக்காக இடித்தார்கள். தெற்கு வரிசை கார் நிறுத்துமிடமாகிவிட்டது. இந்த வீட்டையும் இடிக்க வரும் மார்ச்சில் நாள் குறித்தாயிற்று.

"இ-இந்த வருஷம் விட்டா இல்ல. நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத, ரே," என்றாள் வெர்னா.

வாசலில் பிள்ளைகள் வரிசை. எங்களுக்குப் பின்னால் எங்கள் தெருப் பையன் டேல் ருஸ்கா, கடற்கொள்ளைக்காரன் வேடத்தில். "இவ முடிக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும்டா!"

வரிசை சிரித்தது.

வீட்டுக்காரக் கிழவி மிசஸ் லாங்கன்பெர்க் கதவருகே நாற்காலியில் இருந்தார், மடியில் மிட்டாய்க் கிண்ணம். "சொல்லு."

"பே-பே-பேய் ஏன்..."

அங்கேயே நின்றுவிட்டது. பேய் வேடத்துக்காக வெர்னா போர்த்தியிருந்த வெள்ளை விரிப்பு அவள் மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்தது. நான் வாயெடுத்தேன். கிழவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"அடுத்த ஆள விடுங்க!" என்றான் டேல்.

"உனக்கு அவசரம்னா வேற வீட்டுக்குப் போ," என்றார் கிழவி, அவன் பக்கம் திரும்பாமலே. "நீ சொல்லும்மா."

"...ஏன் க-கதவத் தட்டாது?"

"ஏன்?"

"செ-செவுத்து வழியாவே வந்துடும்."

யாரும் சிரிக்கவில்லை, கிழவியும்தான்.

"மார்ச்சுல இங்க செவுரே இருக்காதே. அப்போ பேய் என்ன பண்ணும்?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. தொலைந்தது என்று நினைத்தேன்.

"உ-உங்கள மாதிரி... வேற வீடு தே-தேடும்."

கிழவியின் முகம் அசையவில்லை. பிறகு தோள்கள் குலுங்கின. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டினார்.

"எடுத்துக்கோ. ரெண்டு கையாலயும் அள்ளு."

வெர்னா கிண்ணத்தைத் தொடவில்லை.

"இ-இன்னொண்ணு இருக்கு," என்றாள். "சொ-சொல்லட்டுமா?"