பசை மாவுக் கஞ்சி

என் மூத்த மகளுக்கு அப்போது நாலு மாதம். நாள் கணக்காக அவள் வெளிக்கே போகவில்லை. வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. முக்குவாள், முகம் சிவக்கும், பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிடுவாள். அம்மனை நம்பிக் கூடியிருக்கிற உங்கள் முன்னால் இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம், ஒரு பங்குனி மாதம். சிவகாசிப் பக்கத்துக் கரிசல் கிராமம் எங்களுடையது. மழை பொய்த்து, கம்பும் பருத்தியும் கருகிப்போயின. அதனால் தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து மரச் சீவல் கட்டுகளை வாங்கி வந்து வீட்டில் பெட்டி ஒட்டினோம். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. நிலபுலம் உள்ள சம்சாரி வீட்டுப் பெண்கள் கூலிக்குப் பெட்டி ஒட்டுகிறார்கள் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடுமாம். தெருவில் பாதி வீட்டுக் கதவு சாத்தித்தான் கிடந்தது என்பது வேறு விஷயம்.

வீட்டை ஆண்டது என் கணவரின் அக்கா. பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். அந்தக் கையோடு பிள்ளையைத் தொடக் கூடாது என்றார். சரிதான். கழுவிவிட்டு வருகிறேன் என்றால், அந்த நேரத்தில் இன்னும் நாலு பெட்டி ஒட்டலாமே என்பார். பசைக்கென்று வந்த மைதா மாவில் துத்தம் கலக்குமுன் கொஞ்சம் எடுத்துவைத்து, கஞ்சி காய்ச்சி அவரே பிள்ளைக்குப் புகட்டினார். எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனையும். நான் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன்.

பிள்ளைக்கு வயிறு கட்டியதும் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துப் பின்பக்கம் வைத்துப் பார்த்தார். அப்புறம் சோப்புத் துண்டு. ரத்தம்தான் வந்தது. தூக்கும்போது சுளுக்கி உரம் விழுந்திருக்கிறது என்று முறத்தில் போட்டு உருட்டினார். மருத்துவச்சியைக் கூப்பிடலாம் என்றேன். உள்ளே வந்தால் சீவல் கட்டைப் பார்த்துவிடுவாள் என்றார். என் கணவர் ஒட்டிய பெட்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். பாவி மனிதர்.

ஒரு செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு நடந்தேன். "ஆத்தா, இவளக் குடுத்தவ நீ. எடுத்துக்கிறதா இருந்தா என்னையும் சேத்து எடுத்துக்கோ. இல்லேன்னா ஒரு வழியக் காட்டு" என்று விழுந்து அழுதேன்.

விருதுநகர் மிளகாய் வியாபாரி வீட்டு அம்மாள் ஒருவர் நேர்த்திக்கடனுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். அடுப்பை விட்டு எழுந்து வந்து பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் சுற்றிலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சொன்னால் அன்று சாயங்காலமே ஊர் சிரிக்கும். சொல்லிவிட்டேன். பெட்டி ஒட்டுவதையும் சொன்னேன், பசை மாவுக் கஞ்சியையும் சொன்னேன்.

அந்த அம்மாள் என் ரவிக்கையைப் பார்த்தார். "பாலு இம்புட்டு வடியுதே தாயி. இத வச்சுக்கிட்டா பசையக் குடுத்தீக?"

முந்தானையை இழுத்து ரவிக்கையை மூடிக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கேயே பால் கொடுக்க வைத்தார். கஞ்சியை அடியோடு நிறுத்தச் சொன்னார். பொங்கல் அடுப்பில் வெந்நீர் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே ஊற்றினார். தொப்புளைச் சுற்றி எண்ணெய் தடவி, கால்களை மெல்ல மடக்கி நீட்டிவிட்டார். இதற்கும் போகாவிட்டால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, யாரையும் கேட்காதே என்றார். மறுநாள் விடியும்போது பிள்ளை என் சேலையெல்லாம் நனைய வெளிக்குப் போனாள். அந்தச் சேலையோடேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன்.

வீட்டில் வேறு யாரும் கும்பிடவில்லை. "அங்கன போயி எதுக்குச் சொன்ன?" என்றுதான் என் கணவர் கேட்டார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நாத்தனார் போன வருஷம் சாகும்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை, போங்கள். ஆனால் அன்றிலிருந்து பிள்ளை சிணுங்கினால் பசைக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவேன். தடுக்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

இப்போது அவளுக்கு ஆறு வயது, பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் பிள்ளைக்கு ஒன்று என்றால் ஆத்தாளிடம் போங்கள், கைவிட மாட்டாள். போகும்போது வீட்டு மானத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போகாதீர்கள். எங்கள் மானத்தைக் காப்பாற்று என்று நான் அவளிடம் கேட்கவில்லை. பிள்ளையைக் கேட்டேன். கொடுத்தாள்.