வேலை இல்லாதவனின் முதல் ஷிப்ட்

இந்த ஊரில் காலை வேலை தொடங்குமுன் ஆளாளுக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், நெய்வேலியில் எடுப்பதைப் போலவே பழுப்பு நிலக்கரி எடுக்கும் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்த அன்று எங்களை வட்டமாக நிற்கச் சொன்னார்கள். சூப்பர்வைசர் முதல் ஆளாக என்னிடம் வந்து, "உன் நம்பர் என்ன?" என்று கேட்டார். என் செல்பேசி எண்ணைச் சொன்னேன். அவர் பத்து இலக்கங்களையும் பொறுமையாக எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போனார். அடுத்தவர் "ஏழு" என்றார். அதற்கடுத்தவரும் ஏழு. இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்பதை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்ல வேண்டுமாம். பக்கத்தில் நின்றிருந்த க்ளென் பிற்பாடு விளக்கினார். "ஆறு சொன்னால் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். எட்டு சொன்னால் சந்தேகப்படுவார்கள். ஏழு சொல்லிவிட்டு வேலையைப் பார்." ஐந்து வருஷமாக எனக்கு ஏழுதான்.

க்ளென் என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று தலைமுறையாக நிலக்கரி. மனைவி பிரிந்து போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. ஐந்து வருஷம் ஒரே பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறோம். பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தால் ஒரு சினிமாவின் இடைவேளை வரைகூட வராது. போன வருஷம், எங்கள் நிலக்கரி போகும் மின் நிலையத்தில் ஒரு பகுதியை மூடப் போகிறார்கள், ஆட்களைக் குறைப்பார்கள் என்று அறிவிப்பு வந்தது. அதற்கடுத்த வாரம் மனவலிமைப் பயிற்சி வந்தது. ரெசிலியன்ஸ் என்று பெயர். டெப்ரா என்ற பயிற்சியாளர் ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்து, அழுத்திவிட்டு விடச் சொன்னார். பந்து பழையபடி ஆனது. மனசும் இப்படித்தான் ஆக வேண்டும் என்றார். நான் ரப்பரோடு பிழைப்பவன். அந்த ரப்பர் மட்டம். அதை நான் சொல்லவில்லை.

பிறகு, வேலையில் விழுந்து எழுந்த அனுபவம் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார். என் முறை வந்தது. என் ஆங்கிலத்துக்கு எட்டிய அளவில் சொன்னேன். உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் நெய்வேலி மைன்ஸில் ஒரு காண்ட்ராக்டரிடம் பெல்ட் ஜாயின்ட் போடும் ஆள். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. பெல்ட்டின் இரண்டு முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் வேகாத பச்சை ரப்பர் கொடுத்து, சூடான இரும்புத் தட்டுகளுக்கிடையில் அழுத்தி வேகவிட வேண்டும். வேகும் நேரத்தைக் குறைக்கவே கூடாது. இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியது அது ஒன்றுதான், அது எனக்குத் தெரியும். பைக் எடுக்காமல் வந்திருந்த ஒரு மழை நாளில், பஸ் போய்விடும் என்று இருபது நிமிஷம் முன்னதாகவே தட்டைக் கழற்றினேன். மறுநாள் ஜாயின்ட் வாய் திறந்து, பெல்ட் அரை நாள் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. தப்பு என்னுடையது, வேறு யார்மேலும் போடுவதற்கு இடமே இல்லை. காண்ட்ராக்டர் சத்தம் போடவில்லை. "நாளைக்கி வராத. நானே கூப்புடறன்" என்றார். கூப்பிடவில்லை.

பதினோரு நாள் ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் மனைவி கலைச்செல்வி காடாம்புலியூரில் முந்திரி உடைக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன் போய், கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு சாயங்காலம் வருவாள். ஆறுதலும் சொல்லவில்லை, குத்தியும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"நாளையிலேருந்து அஞ்சரைக்கு பூட்ஸ் போட்டுக்கினு கெளம்புங்க."

"எங்க?"

"எங்கயாச்சும். ரெண்டு மணிக்கி ஷிப்ட் முடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் வூட்ல படுத்துக்கினு இருக்கக் கூடாது."

"வேலையே இல்லியே."

"அது எனக்குத் தெரியும். ஒங்க காலுக்குத் தெரிய வேணாம்."

மறுநாள் யூனிஃபார்ம் சட்டை, பூட்ஸ், ஹெல்மெட், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றோடும் பைக்கில் கிளம்பினேன். முதல் இரண்டு நாள் டவுன்ஷிப்புக்குள் பிளாக் பிளாக்காகச் சுற்றினேன். எல்லா ரோடும் நேராக, ஒரே மாதிரி நிழலாக இருப்பதால் சுற்றுவதற்குத் தோதான ஊர். தெரிந்த ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "ஃபர்ஸ்ட் ஷிப்டா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அது பொய்யாகப் படவில்லை. அடுத்து குள்ளஞ்சாவடிக் கூட்ரோடு. அங்கே டீக்கடைக்காரர் மூன்றாம் நாளே முகத்தை அடையாளம் வைத்துக்கொண்டதால் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கு மாறினேன். தலையில் ஹெல்மெட், காலில் பூட்ஸ் என்றால் ஜனங்கள் அதிகாரி என்று நினைத்துவிடுகிறார்கள். எந்த பஸ் எப்போது என்று என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல ஒரு மாதிரி இருந்ததால் நேரங்களைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். கடலூர் பஸ் தாமதம் என்று ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். வருத்தம் தெரிவித்தேன்.

பத்தொன்பதாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாப்பிட இடம் தேடிப் போனபோது, ஒரு முந்திரிக் கம்பெனி வாசலில் மெஷின் ஓடாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளியம்மா என் ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"தம்பி மைன்ஸா? பெல்ட்டு அந்துபோச்சி. ஒங்களுக்கு எதுனா தெரியுமா?"

"அது ஒண்ணுதாங்க தெரியும்."

கொட்டையை மேலே ஏற்றும் சின்ன பெல்ட். சூட்டுத் தட்டு இல்லை; பசை வைத்து ஒட்டி, பலகை கொடுத்து இறுக்கினேன்.

"எப்ப ஓட்டலாம்?"

"நாளைக்கிக் காலையில."

"லோடு நிக்குதுப்பா. இன்னிக்கே ஓட்டக் கூடாதா?"

"கூடாதுங்க."

அந்தக் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. ஒரு மாசமாக அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வர நாலரை ஆகிவிட்டது. கலைச்செல்வி எனக்கு முன்னால் வந்திருந்தாள். "ஓவர்டைமா?" என்றாள். "ஆமா" என்றேன். உள்ளே போய் முகம் கழுவுகிற சாக்கில் நெடுநேரம் நின்றேன். அந்த பெல்ட் தாங்கியது. பண்ருட்டிப் பக்கத்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டன. பிறகு மஸ்கட், பிறகு இங்கே.

நான் முடித்ததும் டெப்ரா கையை நெஞ்சில் வைத்து நன்றி சொன்னார். பலகையில் 'தினசரி ஒழுங்கு' என்று எழுதி, அதன்கீழே 'உண்மையை மறுத்தல்' என்று எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டார். மறுநாள் எனக்கு ஆறு இலவச ஆலோசனை அமர்வுகள் ஒதுக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. வேலை நேரத்திலேயே போகலாம் என்றார்கள், போனேன். ஆலோசகர் ஒவ்வொரு முறையும், இப்போதும் வேலைக்குப் போவதுபோல் நடிக்கிறேனா என்று கனிவாகக் கேட்டார். இல்லை, நிஜமாகவே போகிறேன் என்றேன். குறித்துக்கொண்டார்.

பயிற்சி முடிந்த அன்று கார் நிறுத்தத்தில் க்ளென் என்னோடு நடந்து வந்தார்.

"பூட்ஸுமா?"

"பூட்ஸும்தான்."

"லஞ்ச் பாக்ஸ்?"

"அதுவும்."

தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

மூன்று மாதத்தில் ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது. அதில் க்ளென் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. கடைசி நாள் கேக் வெட்டினார்கள். மேலே க்ரீமால் ஒரு சுரங்க இயந்திரம் வரைந்திருந்தது. அன்று காலையும் ஏழு என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. வேலையில் இருப்பவன் போய்க் கதவைத் தட்டினால் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கினேன். அந்தத் தயக்கம் தப்பு. ஒரு விடுமுறை நாள் காலை ஆறு மணிக்குக் கலைச்செல்வி ஜன்னல் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ஒங்க கூட்டாளி கேட்டாண்ட நின்னுக்கினு இருக்காரு. யூனிஃபார்ம்ல."

ஆரஞ்சுச் சட்டை, பூட்ஸ், கையில் டப்பா. தாடி வளர்ந்திருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"டே ஷிப்ட்," என்றார். "ரெண்டரை வரைக்கும்."

"எங்கே?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன்." டீயைக் கையிலேயே வைத்திருந்தார். "இன்னிக்கு என் நம்பர் ரெண்டு."

அவர் வாயிலிருந்து ஏழைத் தவிர வேறு எண்ணை நான் கேட்டதில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று டெப்ரா ஓர் அட்டை கொடுத்திருந்தார். அது வேறு சட்டையில் இருந்தது. கலைச்செல்விக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் அவள் என் பூட்ஸை எடுத்துவந்து என் காலருகில் வைத்துவிட்டு, சாப்பாடு கட்டப் போய்விட்டாள். நான் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் கிளம்பினோம்.

என் விடுமுறை நாட்களில் நானும் போனேன். மற்ற நாட்களில் அவர் தனியாகப் போனார். மரக்கடை, நூலகம், ரயில் நிலையம். இரண்டாவது வாரம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். ஐந்தாவது வாரம், பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகையில் ஓர் ஓட்டுநர் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு விசாரித்தார். இப்போது அதைத்தான் ஓட்டுகிறார். பிள்ளைகள் கத்துகின்றன என்று குறைப்படுகிறார். நல்ல அறிகுறி என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த வேலையில் சேர்வதற்கு முந்தின நாள் என்னை ஒரு பழைய சுரங்கக் குழிக்கு அழைத்துப் போனார். தோண்டி முடித்து, தண்ணீர் விட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். தான் பிறந்த ஊர் இதற்குள்தான் இருந்தது, நிலக்கரிக்காக ஊரையே காலி செய்துவிட்டார்கள் என்றார். கம்பி வேலிமேல் கையை ஊன்றி, தண்ணீரின் நடுவில் ஓரிடத்தைக் காட்டி, "எங்கள் வீடு" என்றார். எனக்கும் அப்படித்தான் என்றேன். எனக்கு ஆறு வயதில் எங்கள் ஊர் மைன்ஸுக்குப் போனது. பிறகு நானே அந்தக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்திருக்கிறேன், ஒருவேளை எங்கள் கூடத்துக்கு நேர் கீழே.

"உன் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நெய்வேலி எந்தத் திசை என்று மலைகளைப் பார்த்து யோசித்தேன். அதற்குள் கை தானாக உயர்ந்துவிட்டது. அது தண்ணீரைக் காட்டியது, அவர் வீட்டுக்குச் சற்று இடப்பக்கமாக. க்ளென் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.