மாமாவின் பெயரில் அம்மா வெட்டிய இரும்பு

அம்மா இரும்பு வெட்டப் பழகியது மாமாவின் பெயரில். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. எதையும் தொடங்குவதில் அவரைப்போல உற்சாகமான ஆளை நான் கண்டதில்லை. முடிப்பதற்கு மட்டும் எப்போதும் வேறு யாராவது தேவைப்பட்டார்கள். கோழிக்கூடு அடிக்கத் தொடங்கினார், அப்பா முடித்தார். எனக்குப் பட்டம் கட்டத் தொடங்கினார், வால் இன்றுவரை வந்து சேரவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணியை விடுவித்திருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் சின்னப் பிள்ளைகளாக விட்டுப்போன இடம் அது. நானும் தம்பியும் பிறந்ததெல்லாம் சுன்னாகத்தில், வாடகை வீட்டில். காணியில் வீடு என்று இருந்தது நான்கு சுவர்கள்தான். கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது. அப்பா ஒரு தகரக் கொட்டில் போட்டார், குடி வந்தோம். எல்லாம் சரி, கிணறுதான் மூடிக் கிடந்தது.

சும்மா மூடவில்லை. அங்கே காவலரண் அமைத்து இருந்தவர்கள் கிணற்று வாயில் ஒரு தடித்த இரும்புத் தகட்டைப் போட்டு, அதன்மேல் தண்டவாளத் துண்டுகளை அடுக்கி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பற்றவைத்து, முனைகளைக் கிணற்றுக் கட்டோடு சேர்த்துக் கொங்கிறீற்றும் ஊற்றியிருந்தார்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து காணி முழுவதையும் தட்டித் தடவிப் பார்த்து, கிணற்றைச் சுற்றியும் வெடி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் மூடியைத் திறப்பது அவர்களுடைய வேலை இல்லையாம். தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை பவுசர் வண்டியில் வந்தது. வெங்காயம் நடுவதற்கு மண்ணைக் கொத்திவிட்டு அப்பா அந்தத் தண்டவாளங்களின் மேலேயே குந்தியிருப்பார். அந்த ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீட்டிலும் உவர்ப்பில்லாத கிணறு எங்களுடையது மட்டும்தான் என்று அம்மா அடிக்கடி சொல்வார். புதிதாகத் தோண்டலாம் என்றால் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல்.

இரும்பு வெட்டுகிறவர்களுக்கு அந்த நாட்களில் ஓய்வில்லை. திரும்பி வந்த ஒவ்வொரு வீட்டிலும் வெட்ட ஏதாவது கிடந்தது. அப்பா போய்க் கேட்டால் “வாற மாதம்” என்பார்கள். வருகிற மாதம் போய்க் கேட்டாலும் அதுதான் பதில்.

அப்போதுதான் இளைஞர்களுக்குக் காஸ் சுடரால் இரும்பு வெட்டும் பயிற்சி என்று ஒரு நோட்டீஸ் வந்தது. பன்னிரண்டு பேருக்கு மட்டும் இடம். மாமா முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தார். “அக்கா, நான் பழகிவந்து உன்ரை கிணத்தை கேக் மாதிரி வெட்டித்தாறன்,” என்றார். பயிற்சி தொடங்க இரண்டு நாள் இருக்கையில் அவருக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது, “என்ரை இடம் அங்கை சும்மா கிடக்கும், நீ போவன் அக்கா,” என்று சொல்லிச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை.

“இஞ்சேரும், அவன் பகிடிக்குச் சொன்னவன்,” என்றார் அப்பா. “பால் காய்ச்சினாலே பொங்க விடுற ஆள் நீர். காஸோடை என்ன செய்யப்போறீர்?”

“பால் பொங்கினால் துடைக்கலாம். கிணறு மூடிக்கிடந்தால் என்னத்தைத் துடைக்கிறது?” என்றார் அம்மா.

அப்பா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். தன்னுடைய நீளக்கைச் சட்டையையும் காற்சட்டையையும் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு நெருப்பென்றால் பயம். அடுப்பில் தீக்குச்சியை எறிந்துவிட்டு இரண்டடி பின்னால் பாய்வார். ஆனாலும் பயிற்சி நடந்த மூன்று கிழமையும் சமையல் அவர் பொறுப்பு. அவர் அவித்த பிட்டு வாயில் போட்டால் சல்லிக்கல் போலக் கடகடத்தது. நாங்கள் குறை சொல்லவில்லை. அம்மா கொண்டுவரும் கதைகளுக்காக எதையும் சாப்பிடத் தயாராக இருந்தோம்.

முதல் நாள் கதை இது. பதினொரு பெடியன்களுக்கு நடுவில் அம்மா போய் உட்கார்ந்திருக்கிறார். வாத்தியாரும் ஓர் இளந்தாரிதான், வவுனியாக்காரர். பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் மாமாவின் பெயரைக் கூப்பிட்டார். “ஓம்,” என்றார் அம்மா. வாத்தியார் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். அம்மா மறுபடியும் “ஓம்” என்றார்.

“அக்கா, இது ஆம்பிளைப் பேரெல்லோ?”

“ஓம் தம்பி. அவர் கட்டாருக்குப் போட்டார். இனி நான்தான் அவர்.”

வகுப்பே சிரித்ததாம். வாத்தியார் கொஞ்சம் யோசித்துவிட்டு மாமாவின் பெயருக்கு நேரே சரி போட்டாராம். கடைசி நாள் வரைக்கும் அந்தப் பெயருக்கு அம்மாதான் “ஓம்” சொன்னார்.

வெட்டுகிற வித்தையை நானும் அவரோடு சேர்ந்து பாடமாக்கினேன். பின்னேரங்களில் அகப்பைதான் சுடர் கக்குகிற வெட்டுத் துவக்கு. நான்தான் இரும்பு. வாங்குப் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டு நான் கேள்வி கேட்பேன், அம்மா ஒப்புவிக்க வேண்டும். முதலில் குழாய்ப் பூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு காஸைக் கொஞ்சமாகத் திறந்து பற்றவைக்க வேண்டும். மஞ்சளாக ஆடுகிற சுடருக்கு ஒட்சிசனை மெல்ல மெல்லக் கொடுத்தால் அது நீலமாகி, நுனியில் அரிசிமணி போலச் சின்னக் கூம்புகள் வரும். அதை இரும்பின் விளிம்பில் பிடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். விளிம்பு பழுத்துச் சிவந்த பிறகுதான் பிடியை அமத்தலாம். அப்போது தனி ஒட்சிசன் பாய்ந்து இரும்பை எரித்துக்கொண்டு போகும்.

அந்தப் பொறுத்திருக்கிற இடத்தில்தான் அம்மா ஒவ்வொரு நாளும் தோற்றார். அவர் பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல. அகப்பையை என் தோளில் வைத்த உடனேயே இழுத்துக்கொண்டு போவார்.

“அம்மா, நான் இன்னும் சிவக்கேல்லை!”

“எவ்வளவு நேரமடி சிவக்கிறாய்?”

“பொறுங்கோ... பொறுங்கோ... இப்ப சிவந்திட்டன்!”

பிறகு அகப்பை என் வயிற்றின் குறுக்கே ஒரே சீராக நகரும். அது மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் நான் இரண்டாகப் பிளந்து, கால்கள் ஒருபக்கமும் தலை ஒருபக்கமுமாக வாங்கிலிருந்து விழுவேன். தம்பி தானும் இரும்பாக வேண்டும் என்று அழுவான். அவன் சிவக்கவே மாட்டான், கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருப்பான்.

இரண்டாம் கிழமை, வெட்டிப் பழகப் பழைய இரும்பு கொண்டுவரச் சொன்னார்கள். நான் உற்சாகத்தில் பக்கத்து வீட்டு அன்ரியின் வளவில் துருப்பிடித்துக் கிடந்த தையல் மெசினின் சக்கரச் சில்லைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் பையில் போட்டுவிட்டேன். அன்று அம்மா முகம் வாடித் திரும்பி வந்தார். எவ்வளவு பொறுத்தும் அது வெட்டுப்படவில்லையாம். கஞ்சிபோல உருகி வழிந்ததாம். தனக்கு இந்த வேலை சரிவராது என்று நினைத்துக் கண்கலங்கிப்போய் நின்றாராம். வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, “அக்கா, பிழை உங்களிலை இல்லை. உது வார்ப்பிரும்பு. உதை உப்பிடி வெட்டேலாது,” என்று சொன்னபிறகுதான் மூச்சு வந்ததாம். அன்ரிக்கோ அந்த மெசினைத் திருத்தித் தைக்கிற எண்ணம் இருந்திருக்கிறது. உருகின சில்லை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அன்ரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உன்ரை கொம்மா வெட்டினதோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். “அப்ப பரவாயில்லை,” என்றார். அது ஏன் பரவாயில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அடி விழாததே பெரிது என்று ஓடிவந்துவிட்டேன்.

முதன்முதலாக நேராக வெட்டிய துண்டை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து சுவாமிப் படத்தட்டில் வைத்தார். “திருநீறும் பூசுவமோ?” என்றார் அப்பா. அம்மா பூசியே விட்டார். சான்றிதழும் வந்தது, மாமாவின் பெயரில். போனில் செய்தி கேட்ட மாமா, “நான் பாஸோ?” என்று கட்டாரிலிருந்து கத்தியது கொட்டிலுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

பிறகு கிணறு. வாத்தியார் பயிற்சி நிலையத்தில் அனுமதி கேட்டுச் சிலிண்டர்களை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தார். “நான் வெட்டட்டோ, அக்கா?” என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

“எங்கடை கிணறு தம்பி. நான் வெட்டுறன். நீங்கள் பிழை பிடியுங்கோ.”

ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் சங்கிலி போட்டு உழவு மெசினோடு கட்டிய பிறகே வெட்டு. அம்மா கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குந்துவார். விளிம்பு சிவக்கும் வரை ஒழுங்கையில் கூடி நிற்கிற சனம் முழுதும் மூச்சை அடக்கும். பிறகு சர்ரென்று பொறி கொட்டும். பால் பொங்க விடுகிற அம்மாவின் கை அப்போது அசைகிறதா இல்லையா என்றே தெரியாது. துண்டு விடுபட்டதும் உழவு மெசின் இழுக்கும், சனம் கைதட்டும். அப்பா வேலிக்கப்பால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

மூன்று நாளில் தண்டவாளங்கள் எல்லாம் போய்த் தகடு மட்டும் மிஞ்சியது. “கடைசித் தகட்டிலை பிடியை நீதான் அமத்துறாய். என்ரை கை உன்ரை கைக்கு மேலை இருக்கும்,” என்று அம்மா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லாத பிள்ளை பாக்கியில்லை. மூடிக் கிடந்த கிணற்றுக்குள் காற்று கெட்டுக் கிடக்குமோ என்று வாத்தியார் கட்டின் ஓரத்தில் அலவாங்கால் ஒரு துவாரம் போட்டு ஒருநாள் ஆற விட்டார். அந்த ஒருநாள் எனக்கு ஒரு வருடமாக இருந்தது.

மறுநாள் காலை நான் அப்பாவின் இன்னொரு நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். அன்ரி வந்தார். “வாங்கோ, கீரிமலைக்குப் போய்க் குளிச்சிட்டு வருவம்,” என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“போட்டு வா, பிள்ளை.”

“நீங்கள் சொன்னனீங்களெல்லோ!”

“ஓம், சொன்னனான். இண்டைக்கு ஏலாது.”

காரணம் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். ஒழுங்கையில் வழக்கமாக நிற்கிற சனத்தையும் அன்று காணவில்லை. என்னையும் தம்பியையும் அன்ரி கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கீரிமலையில் பெண்கள் கேணியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று அழுதேன். அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது. மதிலுக்கு அப்பால் கடல் இரைந்தது. இப்பால் ஊற்று குளிர்ந்தது. தம்பி என் முதுகில் ஏறித் தண்ணீர் அடித்தான், நானும் அடித்தேன், அழுகையை எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை. நினைவு வந்ததும் மறந்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. அன்ரி எங்களை வெளியே வரச் சொல்லவே இல்லை. எங்கள் விரல் நுனி சுருங்கிப்போயிற்று. அவர் படியில் இருந்தபடி போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஒருவழியாகப் போன் அடித்தது. “ஓம்... ஓமோ? மெய்தானோ?” என்றவர், கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு எங்கள் இருவருக்கும் கேட்காமலே ஐஸ்பழம் வாங்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்தபோது தகட்டிலிருந்து வெட்டிய பெரிய சதுரம் பனையில் சாய்ந்து நின்றது. வாத்தியார் மண்ணில் மல்லாந்து கிடந்தார். அப்பாவும் அம்மாவும் கிணற்றுக் கட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தலை முதல் கால் வரை நனைந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை வட்டங்களும் மற்ற இடமெல்லாம் கரியுமாக அம்மாவின் முகம்.

“என்னத்துக்குச் சிரிக்கிறியள்?” என்று கத்தினேன்.

“தண்ணி, பிள்ளை. வெறும் தண்ணி!” என்றார் அப்பா. அதற்கும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் ஒரு கறுப்பு வட்டம், அதில் என் தலை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அம்மா ஒரு வாளியை எடுத்து என்மேல் அப்படியே கவிழ்த்தார்.

அடுத்த நாள் மிஞ்சிய தண்டவாளத் துண்டொன்றில் என் கையை வைத்து, மேலே தன் கையை வைத்து, என்னைப் பிடியை அமத்த விட்டார். கைக்குள் அந்த ஒட்சிசன் உதறிப் பாய்ந்ததும், இரும்பு வழிவிட்டதும், பொறிகள் மண்ணில் துள்ளி ஓடியதும் இன்றும் எனக்குப் புதிதாக இருக்கின்றன. அத்தோடு அம்மாவை மன்னித்துவிட்டேன். ஆனால் கடைசித் தகட்டை அவர் தனக்கென்று வைத்துக்கொண்டார் என்ற குறை மட்டும் பல வருடம் மனதில் கிடந்தது.

வளர்ந்த பிறகு ஒருநாள், வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றவரிடம் அதைக் கேட்டேன். அம்மா நிமிரவில்லை. “அவ்வளவு காலம் பூட்டிக் கிடந்த கிணறு. உள்ளுக்கை ஆர் கிடக்கினமெண்டு ஆருக்குத் தெரியும், பிள்ளை?” என்றார்.

கிணற்றில் தண்ணீர் மட்டுமே இருந்தது என்பதற்காக இரண்டு பெரியவர்கள் அப்படிச் சிரிக்கக்கூடும் என்பது, பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.