கண்மாய்க்கரையில் போட்ட முள்

எங்கள் மாமாவுக்கு இந்தியா முழுவதும் அத்துப்படி. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு எந்த வழியாக லாரி போகும் என்று கேட்டால் சொல்லுவார். எங்கள் ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்கு இருக்கும் இரண்டு மைலை மட்டும் மழைக்காலத்தில் விழாமல் கடக்க அவருக்குத் தெரியாது. அம்மாவின் தம்பி அவர். ஊருக்குள் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். இருந்தது ஐந்து சைக்கிள், அதில் இரண்டு எப்போதும் பஞ்சர். ஆகவே அவருக்கு ஓய்வு நேரம் நிறைய உண்டு. பந்தல்குடி டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வந்து, டெல்லியில் என்ன நடக்கிறது என்று எங்களுக்கு எடுத்துச் சொல்வார்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அவர் கொண்டுவந்த சேதி பெரியது. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் பெரிய ரோட்டை டெல்லி சர்க்கார் எடுத்துக்கொண்டு அகலப்படுத்தப் போகிறதாம். வடக்கே எங்கிருந்தோ கிளம்பும் லாரி எங்கும் முட்டாமல் துறைமுகம் வரை வந்து சேரலாமாம். அந்த ரோட்டில் வந்து சேரும் மண்பாதைகளில் எதில் போக்குவரத்து அதிகமோ அதற்கும் சேர்த்துத் தார் போடுவார்களாம்.

“நம்ம ஊரும் டெல்லியும் ஒரே ரோட்டுல வரப்போகுது” என்றார் மாமா. அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, “மொதல்ல பந்தல்குடிக்குப் போற வழியப் பாரு” என்றாள்.

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பாதை சுத்தக் கரிசல். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்படி நடந்தாலும் ஒவ்வொரு காலோடும் அரைக்கிலோ மண் கூடவே வரும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இரண்டு பக்கமும் வேலிக்கருவேல் காடு. ரோடு சரியில்லாததால் பஸ் விட முடியாது என்று ஓர் அலுவலகம் சொன்னது. பஸ்கூட வராத ஊருக்கு எதற்கு ரோடு என்று இன்னோர் அலுவலகம் கேட்டது. இரண்டு பதில்களையும் ஊர்ப் பெரியவர்கள் பத்திரமாக ஒரே பைக்குள் வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் இந்த ரோட்டோடு வேறொரு கவலையும் சேர்ந்திருந்தது. நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள் அக்கா. ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முதலாவதாக முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். எங்கள் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதுக்கு அருப்புக்கோட்டை போக வேண்டும். “பொட்டப்பிள்ளையக் கருவக்காட்டுக்குள்ள தனியா நடக்கவிட மாட்டேன். ஊருக்குள்ள பஸ்ஸு வரட்டும், தாராளமா அனுப்புறேன்” என்று அப்பா சொல்லிவிட்டார். பஸ் வரவே வராது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது. அக்கா அழுது பார்த்தாள். இரண்டு வேளை பட்டினி கிடந்து பார்த்தாள். பிறகு அம்மாவோடு பருத்தி எடுக்கப் போனாள். தன்னுடைய ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் புத்தகங்களுக்கு எல்லாம் புதிதாக அட்டை போட்டு, என் பெயரை எழுதி வைத்தாள்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் பாதை பெரிய ரோட்டில் சேரும் முக்கில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி, மடியில் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஏழு நாள் அங்கேயே இருந்து, எங்கள் பாதையில் வருகிற போகிற வண்டிக்கெல்லாம் கோடு போடுவது அவர் வேலை.

மாமா உடனே ஊரைக் கூட்டினார். “மாட்டு வண்டியப் பாத்தா, இவனுகளுக்கு எதுக்குத் தாரு ரோடு, மண்ணு ரோடே போதும்னு எழுதிட்டுப் போயிருவான். ஏழு நாளைக்கு ஒரு வண்டியும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கண்மாய்க்கரை வழியாச் சுத்திப் போங்க. மோட்டாருக்கு நான் ஏற்பாடு பண்றேன்” என்றார். பந்தல்குடிக்குக் கரிமூட்டையும் பஞ்சுப் பொதியும் ஏற்றிப் போகும் வண்டிகள் எங்கள் ஊரில் இருபதுக்கு மேல் உண்டு. சுற்றிப் போனால் ஒரு மைல் கூடும், வெயிலில் மாடுகள் நுரை தள்ளும். ஆனாலும் ரோடு வரும் என்ற ஆசையில் எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார்.

மோட்டாருக்கு மாமா செய்த ஏற்பாடு, எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரின் மோட்டார் சைக்கிள். எதற்கு என்று சாமியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமா பொய் சொல்லியிருப்பார், பிறகு அந்தப் பாவத்துக்கு அவரிடமே போய் முழங்காலில் நின்றிருப்பார். அந்த வண்டியில் மாமா ஊருக்கும் முக்குக்கும் இடையே போனார், வந்தார், மறுபடியும் போனார். ஒரு தடவை தலையில் துண்டு, ஒரு தடவை கறுப்புக் கண்ணாடி, ஒரு தடவை பின்னால் சைக்கிள் கடைப் பையன்.

மாமாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது எனக்கும் அக்காவுக்கும் வேலை. இரண்டாம் நாள் நாங்கள் தூக்குவாளியோடு முக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது, மாமா தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கணக்கெடுப்பவர் கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணே, எதுக்கு வேசம் மாத்திச் சிரமப்படுறீக? எத்தனை தடவை வந்தாலும் கோடு போடுவேன். ஆளை எண்ணச் சொல்லல, வண்டியத்தான் எண்ணச் சொல்லியிருக்காக.”

மாமா அசடு வழிந்தபடி மரத்தின் அந்தப் பக்கம் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா கணக்கெடுப்பவருக்கும் ஒரு செம்பு மோர் கொடுத்தாள். நான் நாற்காலிக்கு எதிரே இருந்த ஓடைப் பாலத்தில் ஏறி, தூத்துக்குடி லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் தாளைக் காட்டி ஏதோ சொல்ல, அக்கா குனிந்து பார்த்து ஏதோ கேட்டாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்ததால் அது என் கண்ணில் பட்டது.

சாப்பிட்டு முடித்த மாமாவிடம் அக்கா போய், “மாமா, வண்டிகள நேர்வழியிலயே வரச் சொல்லுங்க. மாட்டு வண்டியையும் எண்ணுறாக, அதுக்கு...” என்று தொடங்கினாள். மாமா முடிக்கவிடவில்லை. “எண்ணி என்ன செய்யப் போறாக, மாட்டுக்குப் புல்லுக் கட்டு குடுக்கவா? போம்மா, போயி வீட்டு வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போனாள். நானும் போனேன். கண்மாய்க்கரைக்குப் பக்கத்தில் வேலிக்கருவேலை வெட்டினாள், வெட்டினாள், வெட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அதைக் கட்டாமல், ஒவ்வொரு கொப்பாக இழுத்துப் போய், கரையில் வண்டி ஏறும் இடத்தில் குறுக்கே போட்டாள். அவள் முழங்கை வரை முள் கிழித்து ரத்தம் கோடு கோடாக வந்தது. “வெறகுன்னு சொன்ன?” என்று கேட்டேன். “வீட்டுல சொல்லாத” என்றாள்.

வண்டிக்காரர்கள் முள்ளைப் பார்த்தார்கள். நாலு பேர் இறங்கினால் அரை மணி நேரத்தில் விலக்கிவிடலாம். ஆனால் சுற்றுவழி ஏற்கனவே அவர்களுக்குச் சலித்துப் போயிருந்தது. விட்டது சனியன் என்று மாட்டைத் திருப்பி நேர்வழியில் ஓட்டிவிட்டார்கள். அன்றும் அடுத்த மூன்று நாட்களும் கரிமூட்டையும் பஞ்சும் கடகடவென்று முக்கு வழியாகவே போயின.

மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “யாரோ சதி பண்ணிட்டானுக. எல்லாம் கெட்டுச்சு. முள்ளு போட்டது யாருன்னு சொல்றவுகள மோட்டார் சைக்கிள்ல பந்தல்குடி வரைக்கும் கூட்டிட்டுப் போவேன்” என்றார்.

அதுவரை நான் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்ததே இல்லை. ஆறாம் நாள் காலையில் அப்பாவும் மாமாவும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். கேட்டதற்கு மேலேயும் சொன்னேன். அக்கா கணக்கெடுக்கிறவரோடு பேசியதையும் சிரித்ததையும், சும்மா இருக்கட்டும் என்று சேர்த்துச் சொன்னேன்.

அப்பா அக்காவைக் கன்னத்தில் அறைந்தார். “ஊருக்கே ரோடு வருதுன்னா உனக்கு மட்டும் என்ன கேடு? கண்டவன்கிட்டச் சிரிச்சுப் பேசுற. இதுக்குத்தான் டவுனுக்கு அனுப்பல.” அக்கா ஏன் என்று ஒரு காரணமும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாமா கூப்பிட்டதும் ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டேன். முக்கைத் தாண்டும்போது கணக்கெடுப்பவர் எங்களுக்கும் ஒரு கோடு போட்டார். அன்று சாயங்காலம் அக்கா வழக்கம்போல எனக்குத் தலை பின்னிவிட்டாள். இறுக்கிப் பின்னுகிறாள் என்று அம்மாவிடம் குறை சொன்னேன்.

ஏழாம் நாள் மாலை நாற்காலி போய்விட்டது. ஊரே மாமாவைத் துக்கம் விசாரித்தது. ஆனால் அடுத்த வருடம் எங்கள் பாதையில் ஜல்லி வந்து கொட்டியது. அதற்கடுத்த கோடையில் தார் போட்டார்கள். பள்ளி திறக்கும் வாரத்தில், மாலை போட்ட பஸ் ஒன்று கோயில் மணி அடிக்க ஊருக்குள் வந்து நின்றது. பக்கத்து இரண்டு ஊர்ப் பாதைகள் இன்னும் மண்ணாகவே கிடக்க, எங்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்று எல்லாரும் வியந்தார்கள். மாமாவுக்கு அதில் வியப்பு இல்லை. தன் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தைப் பற்றிப் பந்தல்குடி டீக்கடையில் பல வருடங்கள் பேசினார்.

ஒரு நல்ல காரியத்தையும் அவர் செய்தார். பஸ் வந்த அன்று அப்பாவின் முன்னால் போய் நின்று, “மச்சான், பஸ்ஸு வந்தா அனுப்புறேன்னு சொன்னீகல்ல. வந்திருச்சு. நிக்குது பாருங்க” என்றார். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவால் பின்வாங்க முடியவில்லை. அந்த வருடம் அருப்புக்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பில் நானும் அக்காவும் சேர்ந்தோம். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பதினாறு வயதில் எங்கள் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

அக்கா பிறகு ஆசிரியை ஆகி, பந்தல்குடியிலேயே வீடு கட்டிக்கொண்டாள். சில வருடங்களுக்கு முன் அவளைப் பார்க்கப் போனபோது, பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் கட்டம் போட்ட தாளோடு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆசையாகப் போய் எட்டிப் பார்த்தேன். மாட்டு வண்டிக்கென்று இன்றைக்கும் ஒரு கட்டம் இருந்தது, காலியாக. “இது எதுக்கும்மா இன்னும்?” என்று கேட்டேன். மெதுவாகப் போகிற வண்டி ரோட்டை ரொம்ப நேரம் அடைத்துக்கொள்ளும், அதனால் ஒரு மாட்டு வண்டியைப் பல காருக்குச் சமமாக வைத்துக் கணக்குப் போடுவார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். மோட்டார் சைக்கிள்? அது அரைக் கார்தான் என்றாள்.

அக்கா வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இதைக் கேட்டேன். அவள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“அது தெரியாமயா முள்ளு வெட்டுனேன்?” என்றாள்.

“அப்பா அடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாக. அந்த ஆளுகிட்ட நின்னு பேசுனத நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அதுக்கப்புறம் ரோடு வந்தாலும் பிரயோசனம் இல்ல.”

“படிக்கணும்னு அம்புட்டு ஆசை இருந்திருக்கு உனக்கு” என்றேன்.

அக்கா கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கா? என் படிப்பு முடிஞ்சு போச்சுன்னுதான் அப்ப நினைச்சிருந்தேன். கணக்கு நல்லா வந்தாலும் பஸ்ஸு வர ரெண்டு வருசம் ஆகும்னு அந்த ஆளு சொன்னாரு. ரெண்டு வருசத்துல நீ எட்டு முடிச்சிருவியேன்னு சிரிப்பு வந்திருச்சு.”

அந்தச் சிரிப்பைத்தான் நான் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருந்தேன்.