கட்டை ஏற்றி வைத்த சனிக்கிழமை

“…அடாப்டர்தான் பூட்ச்சின்னு மொதல்ல நெனச்சன் மாமா. கேட்டா சத்தம் நல்லாத்தான் வருது, எடந்தான் மாறிக் கீது. எவனோ வந்து பட்டன அமுக்கி வெச்சிட்டுப் போய்க்கிறான்,” என்றான் மச்சான், கீபோர்டை உறைக்குள் தள்ளிக்கொண்டே.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சனிக்கிழமைப் பெண்கள் கூட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சர்ச்சில் நாங்கள் இரண்டு பேர்தான், பக்கத்து அறையில் பாஸ்டர். நான் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த எவனோ நான்தான்.

இப்படி ஒரு காரியம் செய்கிற ஆள் என்று என்னை யாரும் நினைக்க மாட்டார்கள். நானே நினைத்ததில்லை. எங்கள் ஊர் சர்ச்சில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவன் நான். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆள் சேருகிறவரை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போனில் பார்த்துப் பார்த்து விரலைப் பழக்கினேன். ஆட்டோவில் வருகிறவர்கள் பேசுகிற பேச்சைப் பொறுக்கி வைத்துக்கொள்கிற பழக்கமும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். ஒரு நாள் ஓர் அம்மா, வழியெல்லாம் ஓயாமல் பேசி வந்த தன் சம்பந்தியைக் காட்டி, “இவ வாய்க்கி லீவே கெடையாது தம்பி” என்றார். என் கைக்கு நேர்மாறு, லீவு அதிகம். வேகம் வந்தால் ஐந்து நாள் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்து பதினைந்து பாட்டைப் பழகுவேன். அப்புறம் மணிக்கட்டு வலிக்கும், சலிப்பு வரும், மூன்று மாசம் தொட மாட்டேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்தை இருபதாம் பக்கத்தில் விட்டேன். சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்து ஒன்பதாவது நாள் முட்டி வீங்கி உட்கார்ந்தேன். எதையும் அப்படித்தான் செய்வேன். ஆனாலும் அறுபது பாட்டு வரும் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

மச்சான் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். கொக்கி போட்டு இழுத்து இழுத்து விரலெல்லாம் தடித்துப்போன கை. போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள் வந்து, “எனுக்கும் கத்துக் குடு மாமா” என்று கேட்டான். எனக்குச் சந்தோஷம். உட்கார வைத்து ஒரே மூச்சில் ஏழெட்டு விஷயம் சொல்லிக் கொடுத்தேன். அவன் பாதியிலேயே எழுந்துவிட்டான்.

“போதும் மாமா.”

“இப்பதானடா குந்தன?”

“மூட்டைய வாய் வரிக்கும் ரொப்பிட்டா தைக்க எடம் இருக்காது மாமா. மிச்சத்த நாளிக்கி பாத்துக்கலாம்.”

அன்றிலிருந்து அவன் வழக்கம் அதுதான். வேலை முடிந்து குளித்துவிட்டு வருவான். என்னிடம் சர்ச் சாவி வாங்குவான். பத்து நிமிஷம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் உட்கார மாட்டான். நன்றாக வந்துகொண்டிருக்கும், இன்னும் கொஞ்சம் வாசித்தால் பாட்டு முடிந்துவிடும், அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுப் போவான். நெல் வரத்து அதிகமாகி முதுகு விட்டுப்போகிற நாளில் இரண்டு நிமிஷம் வாசிப்பான். ஆனால் வருவான். அதிலும் ஒரே பாட்டு. பெண்கள் கூட்டத்தில் வழக்கமாகப் பாடுகிற சாதாரணப் பாட்டு. மாசக்கணக்கில் அதையே தட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டில் நான் கிண்டல் செய்வேன். “உன் தம்பிக்கி அந்த ஒண்ணு தவர வேற பாட்டே தெரியாதா?”

“நீ அறுவது வாசிக்கிற, எங்களுக்கு ஒண்ணு கூட வாய்ல வர்ல,” என்றாள் மனைவி, வெங்காயம் அரிந்துகொண்டே. “நீ வாசிச்சா ஓடற பஸ்ஸு பின்னால ஓடற மாதிரி கீது. அவன் வாசிச்சா நிறுத்தி ஏத்திகினு போறான்.”

அந்தப் பேச்சு என்னைக் குத்திவிட்டது. ஏனென்றால் அது உண்மை. ஆடி மாசத்தில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் வந்து, சனிக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் அவனை உட்கார வைத்தார்கள். அந்த ஒரு பாட்டை மட்டும் வாசித்தான். பல்லில்லாத பெரியம்மாக்கள் எல்லாம் கடைசி அடிவரை பாடினார்களாம். கேட்டதும் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவன்தான் வாசித்தான். அவன் சாவி வாங்க வந்தாலே எனக்கு எரிய ஆரம்பித்தது. சிரித்துக்கொண்டுதான் கொடுப்பேன். அவன் போன பிறகு சர்ச் வாசலில் போய் நின்று காது கொடுப்பேன், எங்கேயாவது தப்பு வராதா என்று. தப்பு வரும், ஆனால் நேற்று வந்த தப்பு இன்று வராது. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. பெரிய வித்வான் ஒருவன் வந்து என்னை விட நன்றாக வாசித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. இவன் என் கண் முன்னால், நான் தந்த சாவியைக் கொண்டு திறந்து, தினமும் ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாக வளர்ந்துகொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் எந்த நாளாவது நான் நேற்றை விடக் கொஞ்சம் நன்றாக வாசித்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. எங்கள் ஊரில் அன்றைக்கு வெளியூரில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் வந்து சேருவார்கள், சர்ச் தாங்காது, வெளியில் பந்தல் போடுவோம். அன்று கீபோர்டு முன்னால் இருக்கிற நாற்காலி என்னுடையது. வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் மற்ற நாளெல்லாம் ஆட்டோ ஓட்டுகிறேன் என்றுகூடத் தோன்றும். பாஸ்டர் மாசத்தில் இரண்டு ஞாயிறு வருகிறவர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னையும் வைத்துக்கொண்டே மச்சானிடம் கேட்டார். “இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீங்க வாசிங்களேன். ஜனங்க கூடவே பாடறாங்க.”

நான் பாட்டுப் புத்தகத்தை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மச்சான் தலையைச் சொறிந்தான். “இப்ப வாணாம் ஐயா. அடுத்த வருசம் பாக்கலாம்.”

நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூட அவனுக்கு முடிகிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். ‘அடுத்த வருசம்’ என்று அவன் சொன்னதில் அவசரமே இல்லை. நிச்சயமாக வரப்போகிற ஒன்றைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னான்.

கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் நாம் எப்போதும் வைக்கிற இடத்திலேயே கையை வைத்து வாசிக்கலாம், ஒலி மட்டும் மேலேயோ கீழேயோ போகும். என் அறுபது பாட்டும் ஒரே இடத்தில் கை வைத்துப் பழகியவை. யாராவது உயர்த்திப் பாடினால் பட்டனை அமுக்கிக்கொள்வேன். என்னைப் போல் தானே படித்தவர்கள் நிறையப் பேருக்கு அதுதான் ஊன்றுகோல். மச்சானுக்கு நான் அந்தப் பட்டனைக் காட்டியிருந்தேன், ஆனால் அவன் தொட்டுப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மைக் சரிபார்க்கிறேன் என்று முன்னாலேயே போனேன். பட்டனை நாலு தடவை அமுக்கினேன், தடவைக்கு ஒரு கட்டை சுருதி ஏறும். கைதான் செய்தது என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. பெண்களுக்கு முன்னால் அவன் திணற வேண்டும், “மாமா, வந்து பாரேன்” என்று என்னைக் கூப்பிட வேண்டும், நான் போய்ச் சரிசெய்ய வேண்டும். அதைத்தான் விரும்பினேன்.

கூட்டம் தொடங்கியது. நான் பின்னால் மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மச்சான் வாசிக்க ஆரம்பித்தான். இரண்டாவது அடியிலேயே குரல்கள் கிழிந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா பாட்டை நிறுத்திவிட்டு, “இன்னா தம்பி, எங்கள இந்த வயசுல தென்ன மரத்துல ஏத்துற? எறக்கி வுடு சாமி,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மச்சான் கையை எடுத்தான். நான் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு கட்டையை அமுக்கினான், வாய்க்குள் முனகிப் பார்த்தான், கையை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தினான். இன்னொன்றை அமுக்கினான். பிறகு அங்கிருந்து முதலிலிருந்து வாசித்தான், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். பெண்கள் பாடினார்கள். பாதிப் பாட்டில்தான் எனக்குப் புரிந்தது. மாசம் ஒரு கட்டையாக மாற்றி, அந்த ஒரே பாட்டை எந்த இடத்தில் கை வைத்தாலும் வருகிற மாதிரி இவன் பழகியிருக்கிறான். வாசலில் நின்று காது கொடுத்தபோது சுருதி மாறுவது எனக்குக் கேட்டிருக்க வேண்டும். நான் தப்பை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டன் இல்லாவிட்டால் என்னுடைய அறுபதில் ஒன்றுகூட நகராது.

கூட்டம் முடிந்து, இப்போது அவன் உறையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னான். “எத்தினி ஏத்தி வெச்சிக்கிறான்னு தெரியில மாமா. பாக்கறதுக்குள்ள ஆப் பண்ணிட்டன்.”

“நாலு,” என்றேன்.

“நாலா? நான் மூணுன்னு நெனச்சி எறக்கனன். அதான் கடைசி அடில பெரியம்மாங்க முக்கனாங்க.” சிரித்தான். ஜிப் பாதியில் நின்றது. “நீ இன்னிக்கி கீபோர்டு கிட்டயே வர்லியே மாமா.”

ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினேன். “மத்தியானம் வந்தன்டா. நான்தான்.”

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“என்னையே கேட்ருக்கலாம்ல மாமா,” என்றான். “அந்தக் கிறிஸ்மஸ் நாற்காலிய நான் கேக்கவே இல்லியே.”

பாஸ்டர் மறுநாள் ஆராதனைக்காக அன்று சாயங்காலமே வந்து, பக்கத்து அறையில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளை எழுதிக்கொண்டிருந்தார். மச்சான் ஜிப்பை முழுசாக இழுத்து மூடினான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அந்த அறை வாசலில் போய் நின்று, “ஐயா, கிறிஸ்மஸுக்கு ஒரு பாட்டு நான் வாசிக்கிறன். ஒண்ணே ஒண்ணு. மிச்சத்துக்கெல்லாம் மாமா பேர எழுதிக்கோங்க,” என்று சொல்லிவிட்டு, அவர் எழுதி முடிக்கிறவரை அங்கேயே நின்றான்.