வீரபாண்டியிலிருந்து கோவைக்கு: இரண்டு முட்டி, இரண்டு விதமான மரப்பு ஊசி

முப்பது வருடம் ஓவர்லாக் மெசின் பெடலை மிதித்தவன் நான். திருப்பூரிலிருந்து கப்பலேறிய பனியன்களில் பாதி என் கைபட்டதுதான். முட்டி தேயாமல் என்ன செய்யும்? இடது முட்டியை 2007-இல் கோவை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து மாற்றினேன். வலது முட்டிக்காக 2009 தை மாதம் மறுபடியும் கோவைப் பயணம். பெடல் மிதிக்கும் கால் இது. இது போனால் என் தையலும் போச்சு.

விடிகாலை ஐந்தரைக்குத் திருப்பூர் வீரபாண்டியிலிருந்து வாடகைக் கார். பல்லடம் வழியாக ஐம்பது கிலோமீட்டர், தொள்ளாயிரம் ரூபாய்.

"ரொம்ப வலிக்குதுங்களாண்ணா?" என்றார் டிரைவர் தம்பி.

"எனக்கா? நேத்துக்கூட துணி மூட்டை தூக்குனேன்."

"மூட்டையில்லீங் தம்பி, தலகாணி," என்றாள் பின்சீட்டிலிருந்து என் மனைவி சரசு.

போன தடவை, ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி தெரியாமலிருக்க, முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்து கொடுத்தார்கள். வலி போனது, கூடவே இரண்டு கால்களும் போனமாதிரி இருந்தது. வாந்தி, அரிப்பு வேறு. இந்தத் தடவை மயக்க மருந்து டாக்டரம்மா தொடை நரம்புக்கு மட்டும் மருந்து போகிறமாதிரி குழாய் வைத்தார். இடது கால் என் பேச்சைக் கேட்டது. வாந்தி இல்லை. சாயங்காலமே ஏழு இட்லி! முட்டிக்குப் பின்னால் மட்டும் வலி இருந்தது, அதற்கு மாத்திரை கொடுத்தார்கள்.

மறுநாள் காலை வலது பாதத்தை அசைத்துப் பார்த்தேன். பெடல் மிதிக்கிறமாதிரி அருமையாக ஓடியது. தையல்காரனுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? நர்ஸ் வருவதற்குள் எழுந்து நின்றேன். முட்டி ஈரத் துணியாக மடிந்தது. சரசு பாய்ந்து வந்து தோள் கொடுத்துக் கட்டிலில் சாய்த்தாள். இல்லாவிட்டால் புது முட்டி அன்றைக்கே உடைந்திருக்கும்.

டாக்டரம்மா ஓடி வந்தார். "பாதத்தை ஆட்டறது வேற நரம்புங்க ஐயா. முட்டியை நிறுத்தறது தொடை. அது இன்னும் தூங்குது."

"பெடல் மிதிச்சுப் பாத்துட்டுத்தானுங்க நின்னேன்!"

"மெசினை உக்காந்துட்டுத்தானுங்களே மிதிப்பீங்க?" என்றாள் சரசு. டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, பெடலில் கால் வைத்தேன். என் வேகத்தில் மெசினே சூடாகிவிட்டது.

போகப் போகிறவர்களுக்கு: எனக்குத் தொடை ஊசிதான் சுகம், உங்களுக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும். மரப்பு தெளிந்ததென்று அவர்கள் சொல்லும்வரை ஆள் பிடிக்காமல் நிற்காதீர்கள். திரும்பும்போது கால் நீட்ட முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

டாக்டரம்மாவுக்கு நேரிலேயே கும்பிடு போட்டுவிட்டேன். சரசுவுக்கு நேரில் போட்டால் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள். அதனால் அவள் எட்டிப்பார்க்காத இந்த இணையத்தில் போட்டுவைக்கிறேன்.