பொரி உருண்டை வைத்த காகிதப் பூக்கள்

ராயப்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்து எழுப்பிய சின்னப் பள்ளி ஒன்றில் நான் ஆறு வருடம் யு.கே.ஜி. மிஸ்ஸாக இருந்தேன். மாதத்துக்கு ஒரு 'டே' கொண்டாடியாக வேண்டும் என்பது எங்கள் கரஸ்பாண்டென்ட் மேடத்தின் கட்டளை. மார்ச்சில் வருவது ஸ்பிரிங் டே. வெளியே வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் பஞ்சை உருட்டி மஞ்சள் சாயம் தோய்த்துக் கோழிக்குஞ்சு செய்வோம். காகிதத் தட்டை வெட்டி ஏதோ ஒரு குளிர்தேசத்துப் பூவைச் செய்வோம். அந்தப் பூவை நேரில் பார்த்தவர்கள் எங்களில் யாரும் கிடையாது. செல்போனில் வந்த படத்தைப் பார்த்து வெட்டுவதுதான்.

நான் அங்கே வேலை பார்த்த ஐந்தாவது வருடம், மேடம் ஒரு புதுமை செய்தார். ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் செய்த கைவேலை ஒன்றும், வீட்டில் செய்த இனிப்பு ஒன்றும் கொண்டுவர வேண்டும்; கடையில் வாங்கியது கூடாது, கடலை சேர்த்ததும் கூடாது. அந்தச் சர்குலரை டைப் செய்து எல்லா டைரியிலும் ஒட்டியது நான்தான்.

என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் வீட்டை முந்தின மழைக்காலத்துக்கு முன்பு இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். வருடத்தின் நடுவில் பள்ளியை மாற்ற மனமில்லாமல் அவள் அம்மா அவளை இரண்டு பஸ் மாற்றித் தினமும் கூட்டிவந்தார். குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு அவர் தி. நகருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு ஜவுளிக் கடையில், பட்டுப் புடவைப் பிரிவில் வேலை. ஒன்பதரைக்குள் யூனிஃபார்ம் புடவையோடு நின்றாக வேண்டும் என்பதால் எப்போதும் வாசலோடு ஓடிவிடுவார்.

ஸ்பிரிங் டே அன்று மட்டும் உள்ளே வந்தார். கையில் புடவை வைக்கும் அட்டைப்பெட்டி. என் மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்தார்.

உள்ளே முப்பத்திரண்டு பூக்கள். பட்டுப் புடவை மடிப்புக்கு நடுவில் வைக்கும் மெல்லிய வெள்ளைத் தாளை இதழ் இதழாக வெட்டி, நுனியைப் பென்சிலில் சுருட்டி, அடியில் நூலால் கட்டியிருந்தார். இதழ் ஓரங்களில் குங்குமம் கரைத்த தண்ணீரால் லேசாக ஒரு சிவப்பு. ஒவ்வொரு பூவின் நடுவிலும், மகரந்தம் இருக்க வேண்டிய இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பொரி உருண்டை.

"கடலை போடக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்கல்ல மிஸ், அதான் பொரி. பாகு முத்திப் போச்சுன்னா பசங்களுக்குப் பல்லு வலிக்கும்னு கொஞ்சம் எளசா எறக்கினேன். கிளாஸ்ல எத்தினி பேருன்னு இவகிட்ட பேர் பேரா கேட்டு எண்ணிக்கினேன். உங்களுக்கும் ஒண்ணு கீது."

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "பன்னெண்டு மணிக்குக் குடுப்போம். முடிஞ்சா வாங்களேன், பார்க்கலாம்" என்றும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பர்மிஷன் கேட்டுப் பாக்கறேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பத்து மணிக்கு மேடம் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில், குழந்தையை விட வந்த ஒருவர் எழுதிவிட்டாராம். அந்தக் குடியிருப்பில் தண்ணீர் சரியில்லை, மஞ்சள் காமாலை இருக்கிறது, அங்கிருந்து வந்த பலகாரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கப் போகிறீர்களா என்று. கீழே வரிசையாகப் பதினோரு பேர் ஆமோதித்திருந்தார்கள்.

"நீங்க எதுக்கு அதை வாங்கி வெச்சீங்க?"

"ஹோம் மேடுன்னுதான மேடம் சர்குலர்ல போட்டோம்."

"ஹோம் மேடுன்னா, எந்த ஹோம்னு பாக்க வேணாமா?"

அபிராமபுரத்திலிருந்து வந்த தேங்காய் பர்பியும் மந்தைவெளியிலிருந்து வந்த கப் கேக்கும் என் மேஜையிலேயே இருந்தன. அந்த வீடுகளின் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இது எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் வாயைத் திறக்கவில்லை.

"பேப்பர் பூ நல்லா இருக்கு. அதைப் பேக்டிராப்புக்கு வெச்சுக்கோங்க. போட்டோகிராஃபர் பதினொண்ணரைக்கு வர்றார்" என்றார் மேடம்.

ஸ்டோர் ரூமில் ஆயாவும் நானும் உட்கார்ந்து உருண்டைகளைப் பிடுங்கினோம். வெல்லம் தாளில் ஒட்டியிருந்ததால் சில இதழ்கள் கிழிந்தன. நடுவில் பழுப்பாகக் கறை தெரிந்தது. அதை மறைக்க மஞ்சள் தாளில் வட்டம் வெட்டி ஒட்டினேன். கைவேலையில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

உருண்டைகளைக் குப்பையில் கொட்டச் சொன்னேன். ஆயா எழுந்து நின்றார். "திங்கற பொருள நான் போட மாட்டேம்மா. நீயே போடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் போட்டேன். போடுவதற்கு முன் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். சுக்கும் ஏலக்காயும் அளவாக இருந்தன. அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டாம்.

போட்டோ எடுத்தார்கள். பூக்கள் பலகையில் வரிசையாகக் குத்தியிருந்தன. பிறகு கேக்கும் பர்பியும் கொடுத்தோம். அந்தப் பெண் பலகையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"மிஸ், உருண்டை எங்க மிஸ்?"

"எல்லாரும் சாப்ட்டாச்சேடா. நீ பாத்ரூம் போயிருந்தப்ப."

"புடிச்சிதா எல்லாருக்கும்?"

"ரொம்பப் புடிச்சிது."

சரியாக அந்த நேரத்தில் அவள் அம்மா வந்தார். ஒரு மணி நேர பர்மிஷன். வேர்த்து விறுவிறுத்து, யூனிஃபார்ம் புடவையோடு. குழந்தை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, எல்லாரும் சாப்ட்டாங்களாம்மா! ரொம்பப் புடிச்சிதாம்!"

அவர் சிரித்துக்கொண்டே பலகையைப் பார்த்தார். அருகில் போய், ஒரு பூவின் நடுவில் இருந்த மஞ்சள் வட்டத்தை விரலால் தொட்டார். சுற்றிக் குழந்தைகளின் வாயைப் பார்த்தார். எல்லார் வாயிலும் கேக் க்ரீம். ஒன்றும் கேட்காமல் கை கழுவுகிறவர் போலப் பின்பக்கம் போனார். குப்பைத் தொட்டி அங்கேதான் இருந்தது. அதை மூடி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்ததும் மகளை ஊஞ்சலுக்கு அனுப்பினார். என் பக்கம் வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"வாணாம்னா காலையிலயே திருப்பிக் குடுத்துருக்கலாமே மிஸ்."

"நான் இல்லம்மா. மேனேஜ்மென்ட்ல..."

"ரெண்டு பஸ்ஸுலயும் மடியில வெச்சுகினு வந்தேன். ஒரு எதழு நசுங்கல."

"சாரிம்மா" என்று கூட நான் சொல்லவில்லை. மேடம் அறைக் கதவு திறந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

அவர் ஊஞ்சலில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "சரி மிஸ். நீங்க அவகிட்ட சொன்னது அப்டியே இருக்கட்டும். மாத்திடாதீங்க."

அதை மன்னிப்பு என்று நினைத்து அன்று எனக்கு மூச்சு வந்தது. அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. தன் அம்மா செய்த உருண்டையை எல்லாரும் சாப்பிட்டதாக அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்காரும் பையன், "நான் சாப்பிடவே இல்ல. கேக்தான் குடுத்தாங்க" என்றான். இரண்டு பேரும் பஞ்சாயத்துக்கு என்னிடம் வந்தார்கள்.

"நீ சாப்ட்ட. மறந்துட்ட" என்றேன் அவனிடம்.

"இல்ல மிஸ்."

"பொய் சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?" என்று அவனை மூலையில் நிற்க வைத்தேன். ஐந்து வயதுப் பையன், உண்மையைச் சொன்னதற்காகச் சுவரைப் பார்த்து நின்று அழுதான். அவள் என்னைப் பார்த்து வெற்றியோடு சிரித்தாள்.

ஏப்ரலில் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மே மாதம் அட்மிஷன் பேனர் கட்டினார்கள். அந்தப் பூக்களுக்கு முன்னால் நான் கைகூப்பிச் சிரிக்கிற படம், ஆளுயரத்துக்கு. தினமும் அதன் அடியில் நடந்துதான் வேலைக்குப் போனேன். ராஜினாமா செய்யவில்லை. இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டு, மயிலாப்பூரில் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு பள்ளியில் இடம் கிடைத்த பிறகே விலகினேன். மனசாட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

போன வருடம் ஒரு பகலில் தி. நகருக்குப் போனேன். புடவை வாங்கும் எண்ணம் கிடையாது. பஸ்ஸில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பட்டுப் பிரிவில் அந்தக் குழந்தையின் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மேடம். கல்யாணத்துக்கா, சும்மா கட்டிக்கறதுக்கா?"

"என்னைத் தெரியுதா?"

"தெரியுது மேடம். இன்னா கலர் பாக்கறீங்க?"

கொஞ்சம் தள்ளி சூப்பர்வைசர் நின்றார். நான் ஏதோ ஒரு நிறத்தைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். ஒன்றைத் தன் தோளில் போட்டு முந்தானையைக் காட்டினார்.

"அன்னிக்கு நடந்ததுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அத வுடுங்க மேடம்" என்றார், புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாப்பாதான் இன்னும் வுடல. மிஸ்ஸுக்கு ரொம்பப் புடிச்சிதுன்னு சொல்லிகினே கீறா. புது ஸ்கூலுக்கும் அதே மாதிரி செஞ்சி குடுன்னு கேக்கறா."

"செஞ்சு குடுத்தீங்களா?"

"இல்ல."

சூப்பர்வைசர் எங்கள் பக்கம் திரும்பினார். "வேற டிசைன் காட்டவா மேடம்?" என்று என்னிடம் கேட்டார் அந்த அம்மா, சற்று உரக்க.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நான் பிரிக்க வைத்த எட்டுப் புடவைகளையும் அவர் ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்.